250 டாலருக்குள் ஒரு ஸ்டிங்-ரே: 1969 ஷ்வின் சைக்கிளை ஓட வைத்த பதிவு

பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் எடுத்ததுமே துருவைத்தான் பார்க்கிறார்கள். ஷ்வின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஸ்டிங்-ரே மாதிரியான மஸில் பைக் (மஸில் கார் சாயலில் செய்த சிறுவர் சைக்கிள்) என்றால் நான் துருவைக் கடைசியில்தான் பார்ப்பேன். துருவைப் போக்க கொஞ்சம் மருந்தும் நிறைய கை உழைப்பும் போதும். என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்பதில்தான் செலவு இருக்கிறது. நீளமான வாழைப்பழ சீட், அதைப் பின்னால் தாங்கும் வளைந்த கம்பி, உயர்ந்த ஹேண்டில்பார், இரண்டு ஒரிஜினல் ரிம், பின்சக்கரத்தின் நடுவில் பிரேக்கை உள்ளே வைத்திருக்கும் ஹப் ஆகியவை கையில் இருந்தால் மற்றதைச் சமாளித்துவிடலாம். இவற்றில் இரண்டு இல்லையென்றாலும் விலையைக் கேட்காமல் திரும்பி வந்துவிடுவது நல்லது. தனித்தனியாகத் தேடி வாங்கினால் அவை மட்டுமே சைக்கிளின் விலையைத் தாண்டும்.

எனக்குக் கிடைத்தது சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகர் வீட்டு கராஜ் சேலில், அதாவது வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் வைத்து விற்கும் இடத்தில். விலை 80 டாலர். பச்சைப் பெயின்ட், வெயில் பட்ட பக்கம் வெளுத்து, நிழல் பட்ட பக்கம் இன்னும் மினுங்கிக்கொண்டு. செயின் ஒரே துண்டாக இறுகியிருந்தது. டயர் இரண்டும் வெடித்து நூல் தெரிந்தது. கைப்பிடி கிரிப் இல்லை. பெடல் சுற்றவில்லை. ஆனால் மேலே சொன்ன ஐந்தும் அப்படியே இருந்தன. மொத்தச் செலவு 250 டாலரைத் தாண்டக் கூடாது, கண்காட்சிக்கு வைக்கப் போவதில்லை, என் மகள் நூலகம் வரை ஓட்டிப் போய் வர வேண்டும். வாங்கும்போதே இவ்வளவும் முடிவாகிவிட்டது. அதனால் பணம் ரப்பருக்கும் பேரிங் பால்ஸுக்கும் செயினுக்கும் மட்டும். பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் உழைப்பு மட்டும்.

இந்த சைக்கிள் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் வடிவத்துக்கான காரணம் அதில்தான் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பையன்கள் 20 அங்குல சக்கரம் வைத்த சின்ன சைக்கிள்களில் உயரமான ஹேண்டில்பாரையும் சைக்கிள் போலோவுக்காகச் செய்த நீள சீட்டையும் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிகாகோவில் ஷ்வின் கம்பெனியில் இருந்த அல் ஃப்ரிட்ஸ் காதுக்கு இந்தச் செய்தி எட்டியது. அவர் அதையே தொழிற்சாலையில் செய்யச் சொன்னார். 1963இல் ஸ்டிங்-ரே வெளிவந்தது, விலை 49.95 டாலர். பையன்கள் வீட்டில் செய்த மாற்றத்தை ஒரு பெரிய கம்பெனி அப்படியே ஏற்று விற்றது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மஸில் கார்கள் என்ற பெரிய எஞ்சின் வேகக் கார்கள் சாலையை ஆண்ட காலம் அது. 1968இல் வந்த கிரேட் வரிசையில் அந்தக் கார்களின் சாயலை முழுதாகக் கொண்டுவந்தார்கள்: முன்னால் 16 அங்குலச் சின்ன சக்கரம், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், நடு பாரில் கார் கியர் போல ஒரு நெம்புகோல். ஆரஞ்சு கிரேட், ஆப்பிள் கிரேட், லெமன் பீலர் என்று பெயர்கள். இன்று அவை சேகரிப்பாளர்கள் விலைக்குப் போய்விட்டன, சாதாரண ஸ்டிங்-ரேதான் நம் போன்றவர்களுக்கு.

நம் ஊரில் அதே காலத்தில் அப்பா சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். இங்கே பத்து வயதுப் பையனின் உயரத்துக்கும் ஆசைக்கும் அளவெடுத்து ஒரு சைக்கிள் செய்யப்பட்டிருக்கிறது. அது எனக்கு இன்றும் வியப்புதான். ஷ்வினுக்குப் போட்டியாக இங்கிலாந்தின் ராலி கொண்டுவந்த சாப்பர் கூட நமக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தமில்லை. ராலி அப்போது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கையில் இருந்தது. அதே குழுமம் முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது.

சரி, வேலைக்கு வருவோம்.

வண்டி எந்த வருடத்தது என்பதை ஷ்வினில் கண்டுபிடிப்பது எளிது. 1965 முதல் சீரியல் நம்பரின் முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து வருடம். 65க்கு ஏ, 66க்கு பி என்று போனால் 69க்கு இ. என்னுடையது சி, இ என்று தொடங்குகிறது, அதாவது 1969 மார்ச். இந்தக் காலத்து ஃபிரேமில் நம்பர் பின்சக்கரம் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், இடதுபுறம் குத்தப்பட்டிருக்கும். 1970இலிருந்து அதை முன்னால் ஹேண்டில் குழாய்க்கு மாற்றிவிட்டார்கள். நம்பரைப் படிப்பது வெறும் ஆர்வத்துக்காக இல்லை. 1990களின் இறுதியில் ஷ்வின் பெயரிலேயே இந்த சைக்கிள்களின் மறுபதிப்பு வந்தது. அந்த உதிரிபாகங்களைப் பழைய ஃபிரேமில் மாட்டி முழு ஒரிஜினல் என்று விற்கிறவர்களும் உண்டு. நம்பரும் பாகங்களும் ஒரே காலத்துக்கு ஒத்துவருகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பிரிப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். குறிப்பாகப் பின் ஹப் பக்கம், வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்பது தெரிகிற மாதிரி. பிறகு எல்லா நட்டுக்கும் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் அப்படியே விட்டேன். இந்த இரண்டு நாள் பொறுமைக்கு ஈடாக எந்த ஸ்பேனரும் கிடையாது. ஐம்பது வருடம் இறுகிய நட்டை அன்றைக்கே திருப்புகிறவர் கடைசியில் போல்ட்டை வெட்டி எடுப்பார்.

ஹேண்டில்பாரைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் ஸ்டெம் வராமல் அடம்பிடிப்பது வழக்கம். மேலே இருக்கும் நீண்ட போல்ட்டை முழுக்கக் கழற்றக் கூடாது. நான்கைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்து சுத்தியலால் ஒரு அடி. உள்ளே பிடித்திருக்கும் ஆப்பு கீழே இறங்கியதும் ஸ்டெம் தானாக ஆடத் தொடங்கும். சீட் குழாய்க்கும் எண்ணெயும் பொறுமையும்தான். அதற்கு முன் சீட்டின் பின்கம்பியை ஆக்சிலிலிருந்து கழற்றிவிட்டால் சீட்டையே பிடியாக வைத்து இடமும் வலமுமாகத் திருப்பலாம்.

பெடல்கள் மாட்டும் கிராங்க் நம் ஊர் சைக்கிளைப் பிரித்தவர்களுக்குப் புதிதாக இருக்கும். பெடல் கையை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் கிடையாது. இடது கை, நடு அச்சு, வலது கை மூன்றும் வளைத்து அடித்த ஒரே இரும்புத் துண்டு. முதலில் இடது பெடலைக் கழற்ற வேண்டும். இடது பெடலுக்கு இடது மரை என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பின்னால் இருக்கும் லாக் நட்டும், பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோனும்கூட இடது மரைதான், கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். அவை வந்ததும் மொத்தக் கிராங்கையும் சக்கரப் பல்லோடு வலதுபுறமாக வளைத்து வெளியே உருவிவிடலாம். பின்னைச் சுத்தியலால் அடித்து முனை மழுங்கி, துளையிட்டு எடுக்கும் பாடெல்லாம் இதில் இல்லை. இந்த ஒரே துண்டு கிராங்க்கை யார் யோசித்தாரோ, அவருக்குக் கும்பிடு.

ஆனால் இங்கேதான் ஷ்வினின் குணமும் தொடங்குகிறது. இந்தக் கம்பெனி தன் காலத்தில் பல பாகங்களைத் தனக்கென்று ஒரு அளவில் செய்துகொண்டது. மற்ற அமெரிக்க சைக்கிள்களின் ஒற்றைக் கிராங்க்கில் அங்குலத்துக்கு 24 மரை, ஷ்வினில் 28. பார்வைக்கு இரண்டு கோனும் ஒன்றுபோலவே இருக்கும். மற்றதை வலிந்து ஏற்றினால் கிராங்க்கின் மரை போய்விடும், பிறகு புதுக் கிராங்க்தான் வாங்க வேண்டும். ஸ்டெம்மின் குழாய் 21.15 மில்லிமீட்டர், இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 22.2. சீட் குழாய் 13/16 அங்குலம். பெடலின் மரை அரை அங்குலம், இன்றைய பெரிய சைக்கிள் பெடல் 9/16. குறைந்த செலவில் முடிக்க நினைக்கிறவர் இந்த நான்கு அளவையும் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். பட்ஜெட் கைமீறுவது விலை அதிகமான பாகத்தால் குறைவு, பொருந்தாத பாகத்தை இரண்டு தரம் வாங்குவதால்தான் அதிகம்.

எல்லாவற்றையும்விட ஆளை ஏமாற்றுவது டயர். ஸ்டிங்-ரேயின் பின் ரிம் எஸ்-2 வகை. அதில் 20 × 2.125 டயர் போகும். அது இன்றைய பி.எம்.எக்ஸ் சைக்கிளின் (மண் பாதைப் பந்தயத்துக்கான சின்ன சைக்கிள்) 406 மில்லிமீட்டர் அளவேதான், எங்கும் கிடைக்கும். முன் ரிம் எஸ்-7. அதற்கு வேண்டியது 20 × 1 3/4. கடையில் போய்க் கேட்டால் 20 × 1.75 டயரை எடுத்துத் தருவார்கள். ஒன்றே முக்கால்தானே இரண்டும் என்று யாருக்கும் தோன்றும். பின்னமாக எழுதிய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 419 மில்லிமீட்டர், புள்ளி வைத்து எழுதியதன் விட்டம் 406. 13 மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த நெம்புகோலாலும் சரிக்கட்ட முடியாது. இழுத்துப் பிடித்து ஏற்றப் பார்த்தால் டியூப் கிழியும், டயர் ஓரக் கம்பி அறும், கை தோலும் போகும். பக்கவாட்டில் 419 என்றோ எஸ்-7 என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். புதிதாகச் செய்து விற்கிறார்கள், தேடினால் கிடைக்கும். பின்னால் போடுவதற்கு வரியே இல்லாத வழுக்கை டயரும் பழைய பாணியில் வருகிறது. ஸ்டிங்-ரேக்கு அந்தத் தோற்றம்தான் உயிர் என்பதால் டயரில் மட்டும் கையைச் சுருக்கவில்லை.

துருவுக்கு வருகிறேன். ஷ்வின் போட்ட குரோம் கனமானது. மேலே செம்மண் பூசியது போலத் தெரிந்தாலும் அடியில் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். குரோமில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியே இரும்பைத் தொட்டு, துரு மேலே பொங்கிப் படர்கிறது. அதைத் தேய்க்க உப்புத்தாளைக் கையில் எடுக்கவே கூடாது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மை, கீறல் விழாது. ஹேண்டில்பாரின் ஒரு வளைவில் தொடங்கினேன். சில தேய்ப்பிலேயே பழுப்பாக ஒரு குழம்பு திரண்டது, துணியால் துடைத்ததும் அடியில் என் விரல் பிம்பமாகத் தெரிந்தது. துளை இருந்த இடங்களில் கறுப்புப் புள்ளிகள் மிச்சமிருக்கும், அவை போகாது, போக வேண்டியதும் இல்லை. நன்றாக உலர்த்தி மெழுகு தேய்த்துவிட்டால் அந்தத் துளைகள் அடைபடும். மறுபடி குரோம் முலாம் பூசக் கேட்டால் சைக்கிள் வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு சொல்வார்கள்.

குரோம் இல்லாத சின்னச் சாமான்களுக்கும் பல்சக்கரத்தின் இடுக்குகளுக்கும் ஆக்சாலிக் அமிலம். இங்கே மரத்தை வெளுக்கும் தூள் என்று பெயின்ட் கடைகளில் கிடைக்கிறது. நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி போட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு இரவு ஊறவிட்டேன். காலையில் தண்ணீர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறியிருந்தது, நட்டுகள் சாம்பல் நிறத்தில் சுத்தமாகக் கிடந்தன. எடுத்ததும் நிறைய தண்ணீரில் அலசி, சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு முக்கு, உடனே உலர்த்தி எண்ணெய். அலசாமல் விட்டால் மேலே மஞ்சள் பொடி படியும். இந்த அமிலம் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தூளை முகத்துக்கு நேரே கொட்டக் கூடாது, குழந்தையும் நாயும் வரும் இடத்தில் தொட்டியைத் திறந்து வைக்கக் கூடாது. அலுமினியப் பாகத்தையும் பெயின்ட் போட்ட ஃபிரேமையும் இதில் போட வேண்டாம்.

ஃபிரேமின் பெயின்ட்டை நான் மாற்றவில்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெள்ளிப் பூச்சின் மேல் கண்ணாடி போன்ற பச்சையைப் போட்டிருக்கிறார்கள், வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருவதால்தான் அந்த மினுக்கம். கடையில் வாங்கிய ஸ்பிரே டப்பாவால் அதைக் கொண்டுவர முடியாது. எழுத்துப் பட்டையும் அதோடு போய்விடும். வெளுத்துப் போனாலும் அது தொழிற்சாலையில் போட்ட பெயின்ட், ஒரு தரம் சுரண்டிவிட்டால் எந்தக் காசுக்கும் திரும்பாது. பாத்திரம் கழுவும் சோப்பும் மெல்லிய துணியும் போட்டுக் கழுவி, கார் பாலிஷை ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, எழுத்தின் மேல் மட்டும் கைபடாமல் மற்ற இடத்தைத் தேய்த்தேன். பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்த இடங்களில் மெழுகு. அழுக்கு போனதும் குழாய் சேரும் இடங்களைப் பார்க்க வேண்டும். ஷ்வின் ஃபிரேமின் முன்குழாயையும் கிராங்க் கூட்டையும் தகட்டில் அடித்து மின்சாரத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். ஒரு குழாய் இன்னொன்றுக்குள் வழிந்து ஓடுவது போல இருக்கும், மூட்டுத் தடமே தெரியாது. கனம் அதிகம்தான். ஐம்பது வருடம் பையன்கள் குதிக்கவிட்டும் நேராக நிற்கிறது என்றால் அந்தக் கனத்தால்தான்.

இனி பின் ஹப். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டதும், அதிகம் ரசித்ததும் இதில்தான்.

ஸ்டிங்-ரேயின் சாதாரண மாடலில் கை பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரம் நிற்கும். நம் ஊரில் பழகாதது. என்னுடையதில் இருப்பது பெண்டிக்ஸ் கம்பெனியின் 70 என்ற மாடல் ஹப். நட்டைக் கழற்றிப் பிரித்ததும் உள்ளே கிரீஸ், பானை அடியில் வருடக்கணக்காகக் கிடந்த பழம்புளி மாதிரி கறுத்து இறுகியிருந்தது. மரச் சீவலால் வழித்தெடுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினேன். பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

உள்ளே நடப்பது இதுதான். செயின் பல்லோடு சேர்ந்து சுழலும் பாகத்தின் உள்முனையில் பெரிய மரை இருக்கிறது. அந்த மரையில் ஒரு கூம்பு ஏறி நிற்கிறது. முன்னால் மிதிக்கும்போது கூம்பு மரையில் ஏறி, ஹப்பின் உள்சுவரில் ஆப்பு போல இறுகுகிறது, சக்கரம் சுழல்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் பிடி தளர்ந்து சக்கரம் தன் போக்கில் ஓடும். பின்னால் மிதித்தால் கூம்பு எதிர்ப்பக்கம் நகர்ந்து பிரேக் ஷூக்களை அகட்டுகிறது, அவை ஹப்பின் உள்சுவரில் உரசி நிறுத்துகின்றன. கூம்பு மரையில் நகர வேண்டுமானால் அது மரையோடு சேர்ந்து சுற்றிவிடக் கூடாது. அதற்காக ஒரு சின்ன ஸ்பிரிங் அதை லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஸ்பிரிங் தேய்ந்துபோனால் அல்லது கெட்டியான கிரீஸ் அதை வழுக்கவிட்டால் முன்னால் மிதித்தாலும் பிடிக்காது, பின்னால் மிதித்தாலும் நிற்காது. பழைய சைக்கிளில் "பிரேக் போச்சு" என்று சொல்லப்படுவதில் நிறைய இந்தக் காய்ந்த கிரீஸ்தான். பாகத்தை மாற்றுவதற்கு முன் ஒருமுறை கழுவிப் பாருங்கள்.

என்னுடையதில் ஷூவின் முகம் கண்ணாடி போல வழவழப்பாகியிருந்தது. நுண்ணிய உப்புத்தாளால் குறுக்கே லேசாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை மட்டும் எடுத்தேன். பால்ஸ் கூண்டு எல்லாம் புதிது. விலை குறைவு, பழையதை எடுத்துக்கொண்டு போய் அதே அளவு கேட்டு வாங்கினால் போதும். கோனில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் குழி விழுந்திருப்பது தெரியும். குழி விழுந்த கோனில் புதுப் பால்ஸ் போடுவது வீண். மாட்டும்போது மரையில் லேசான எண்ணெய், பால்ஸுக்கு கிரீஸ், ஷூவுக்கும் சூடு தாங்கும் கிரீஸ். பிரேக்குக்கு கிரீஸா என்று கேட்பார்கள். இது இரும்போடு இரும்பு உரசும் பிரேக், வறண்டு ஓடினால் கீச்சிட்டு ஒட்டிக்கொள்ளும்.

இடதுபுறம் ஹப்பிலிருந்து நீளும் பிரேக் கை, கிராங்க்கிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயோடு ஒரு பட்டைக் கிளிப்பால் கட்டப்பட்டிருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வரும் முழு விசையும் இந்தக் கையில்தான் வந்து சேர்கிறது. கிளிப் இல்லாமல் ஓட்டினால் கை சுழன்று, ஆக்சில் தளர்ந்து, பிரேக்கே இல்லாமல் போகும். பழைய வண்டிகளில் இந்தக் கிளிப்தான் முதலில் தொலைந்திருக்கும். கம்பியைச் சுற்றிக் கட்டுவது, பிளாஸ்டிக் பட்டை போடுவது எதுவும் வேண்டாம், சரியான கிளிப்பும் போல்ட்டும் வாங்கிப் போடுங்கள்.

சக்கரங்களில் கம்பியை ரிம்மோடு இறுக்கும் ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் கோட்டம் எடுத்தேன். கம்பி ஏதும் மாற்ற வேண்டிவரவில்லை. முன் ஹப், ஹேண்டில் கப், கிராங்க் கூடு எல்லாம் வழக்கமான ஓவராயில்தான்: கழுவு, பால்ஸ் மாற்று, கிரீஸ் வை, ஆடாமலும் இறுகாமலும் கோனை நிறுத்து. பெடல் இரண்டும் எண்ணெய் குடித்ததும் சுற்றத் தொடங்கிவிட்டன, ரப்பர் தேய்ந்திருந்தாலும் அப்படியே விட்டேன்.

சீட்டின் வெள்ளை ரெக்சினில் பின் ஓரமாக ஒரு கிழிசல். புது உறை கிடைக்கிறது, ஆனால் ஒரிஜினல் தகடும் பஞ்சும் நன்றாக இருக்கும்போது உறையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கிழிசலுக்கு அடியில் ஒரு துண்டு ரெக்சினைச் செருகி, பசை போட்டு, மேலே இடுக்கி வைத்து அழுத்தி ஒட்டினேன். கோடு தெரிகிறது, தண்ணீர் உள்ளே போகாது. அடித்தகட்டின் துருவைச் சுரண்டி அங்கே மட்டும் துருத்தடுப்புப் பெயின்ட் அடித்தேன், அது யார் கண்ணிலும் படாத இடம்.

மாட்டும்போது கவனமாக இருக்க வேண்டியது செயின். அரை அங்குலம் குறுக்கே எட்டில் ஒரு அங்குலச் சாதாரண ஒற்றைச் செயின்தான், 12 டாலர். இந்த சைக்கிளில் செயின் விழுந்தால் பிரேக்கும் விழுந்தது என்று அர்த்தம். இரண்டு பல்லுக்கும் நடுவே விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குகிற அளவு தொய்வு இருக்கட்டும். சக்கரம் ஃபிரேமுக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்த்து ஆக்சில் நட்டை நன்றாக முறுக்க வேண்டும். ஒரே நட்டில்தான் சீட்டின் பின்கம்பியும் வந்து சேர்கிறது என்பதால் அரைமணி ஓட்டியதும் மறுபடி ஒருமுறை முறுக்குவது கட்டாயம்.

கணக்கு: சைக்கிள் 80, டயர் டியூப் ரிம் டேப் 75, செயின் 12, பால்ஸும் கிளிப்பும் 18, கிரிப் 11, அமிலம் கிரீஸ் மெழுகு எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 226 டாலர். கருவிகள் முன்பே கையில் இருந்தன. ஒன்றுமே இல்லாமல் தொடங்குகிறவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், மெல்லிய கோன் ஸ்பேனர், நிப்பிள் சாவி, சுத்தியல் இந்த நான்கிலேயே முழு வேலையும் முடிந்துவிடும்.

முதல் ஓட்டம் புல்தரையில். மெதுவாக உருட்டி, பின்னால் மிதித்து, சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே தெருவுக்கு. மகள் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, பிரேக் எங்கப்பா பிடிக்கிறது?" கால் பழக அவளுக்கு ஒரு மாலை ஆனது. உடம்பின் எடை முழுக்கப் பின்சக்கரத்தின் மேல் விழுகிறது, ஹேண்டில்பார் மார்பு உயரத்தில், முன்சக்கரம் இறகு போல லேசாகத் தூக்கிக்கொள்கிறது. இந்த அமைப்பால்தான் 1960களின் பையன்கள் ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டினார்கள். இதே சைக்கிள்களை மண் பாதையில் விட்டு கலிஃபோர்னியாவில் 1970களின் தொடக்கத்தில் ஓட்டப் பந்தயம் வைத்ததிலிருந்துதான் பி.எம்.எக்ஸ் பிறந்தது. பெரியவர்களுக்கு முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும், ஒரு தெரு சுற்றி வரலாம். கியர் இல்லாததால் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். நீளமான இறக்கத்தில் இதை ஓட்டவே கூடாது என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே பிரேக், அதுவும் ஹப்புக்குள். தொடர்ந்து பிடித்தால் கிரீஸ் சூடாகிப் பிடி குறையும்.

இப்போது மாதம் ஒருமுறை செயின் தொய்வும் பிரேக் கிளிப் போல்ட்டும் பார்க்கிறேன். நவம்பரில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டத் தொடங்கியதும் வண்டி கராஜுக்குள் போய்விடும். அதற்கு முன் கழுவி உலர்த்தி, குரோமுக்கு இன்னொரு கை மெழுகு பூசி, டயர் தரையில் படாதபடி கொக்கியில் மாட்டிவிட வேண்டும். காற்று இறங்கிய டயரில் குளிர்காலம் முழுக்க நின்றால் புது ரப்பரும் ஓரத்தில் வெடித்துவிடும்.